பாரிஸுக்குப் போகிற வழியில்

"பாரீசு இங்கேருந்து எத்தினி கிலோமீட்டரு?"

நைனா இதைக் கேட்டபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். கோவிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, கை பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே குழந்தை இயேசு படத்துக்குக் கீழே இருந்த பலகையில் அம்மாவின் விமான டிக்கெட். அது வந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது. வீட்டுக்கு வந்த எல்லாரும் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப வைத்தார்கள். நைனா மட்டும் தொடவில்லை.

"எட்டாயிரம் இருக்கும் நைனா."

"பிளேனு மணிக்கு எத்தினி போவும்?"

"எண்ணூறு போவும்."

அவர் உதடு மெல்ல அசைந்தது. கணக்குப் போடுகிறார். சட்டிக்குள் என் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

கொல்லையில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி உரசும் சத்தமும் நின்றுவிட்டது.

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நூலும் உருண்டையும்

கோவளத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு வீடும் ஒரு மணல் திட்டும்தான். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் போய் விற்றுவருவாள். நாங்கள் மூன்று பேர். மூத்தவள் லூர்து அக்கா. நடுவில் ஸ்டீபன் அண்ணன். கடைசி நான்.

படிப்பு முடித்ததும் மாமல்லபுரத்தில், ஒத்தவாடைத் தெருவில் ஒரு டிராவல்ஸ் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கடை என்றால் ஒரே ஒரு அறை. முன்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் வெளிநாட்டுக்குப் பேசும் டெலிபோன் பூத். பின்பக்கம் ஒரு மேசை, ஃபேக்ஸ் மெஷின், செங்கல் தடிமனில் விமானங்களின் கால அட்டவணைப் புத்தகம். முதலாளி பாஸ்கர் சார் வாரத்தில் பாதி நாள் மெட்ராஸ் போய் டிக்கெட் போட்டு வாங்கிவருவார். மீதி நாள் கடையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்.

வெளிநாட்டுக்காரர்கள்தான் வாடிக்கை. திரும்பிப் போகிற டிக்கெட்டை உறுதிசெய்ய வருவார்கள். சிலர் சும்மா வருவார்கள். ஒரு நார்வேக்காரப் பெண் வாரம் தவறாமல் வந்து, ஆஸ்லோ இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பாள். சொன்னால் தலையாட்டிக்கொண்டு போய்விடுவாள். ஒரு டிக்கெட்கூட எங்களிடம் வாங்கியதில்லை. அவள் எதற்குக் கேட்டாள் என்று அப்போது எனக்குப் புரியாது. சிரிப்பாக இருக்கும்.

தூரம் சொல்வதற்குப் புத்தகத்தில் பட்டியல் உண்டு. ஆனால் பாஸ்கர் சார் எனக்கு வேறொரு வழியும் காட்டியிருந்தார். மேசைமேல் ஒரு உலக உருண்டை. அதில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளந்தால், ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மெட்ராஸிலிருந்து பாரிஸ் என் கையால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. துபாய் நாலு விரல்.

துபாயை நான் முதல் வாரமே அளந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அங்கேதான் அண்ணன் இருந்தான்.

அண்ணன் போன கதை

ஸ்டீபன் அண்ணனுக்கு இருபது வயது நடந்தபோது, ஒரு விடியற்காலையில் கரைக்குத் திரும்பிய எங்கள் படகை அலை கவிழ்த்துவிட்டது. கரைக்கு அருகேதான். ஆனால் அண்ணன் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டான். நைனாதான் முங்கி அவனை இழுத்துப் போட்டார். அவன் வாயிலிருந்து தண்ணீரும் மணலும் வந்தன. பிழைத்துக்கொண்டான்.

பிழைத்தவன் மறுபடி படகில் கால் வைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றான். கரைவரை வருவான். அலை காலில் பட்டதும் முகம் வெளுத்துவிடும். ஊரில் பேச ஆரம்பித்தார்கள். மீனவன் வீட்டில் ஒரே ஆண்பிள்ளை, அவனுக்குக் கடல் என்றால் பயம் என்றால் பேசமாட்டார்களா?

ஒருநாள் கரையில் அத்தனை பேர் முன்னால் நைனா கத்தினார்.

"கடலுக்குப் பயந்துகினு கரையில குந்தறவனுக்கு என் வூட்ல சோறு கெடையாது. போய்க்கினே இரு!"

அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனான். முதலில் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் சமையல்கட்டில் வெங்காயம் உரித்தான். அங்கே இருந்த சமையல்காரர் ஒருவர் துபாய்க்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவன் வரவில்லை. அவனை வா என்று சொல்கிற ஆளும் வீட்டில் இல்லை.

வீட்டில் அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை நைனா வாயால் போட்டதில்லை. பெயர் காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போய்விடுவார். அதுவே சட்டமாகிவிட்டது.

ஆனால் என் கடையில் ஒரு டெலிபோன் இருந்ததே! வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு மதிய ஷிப்ட் கிடையாது. அன்றைக்குக் கூப்பிடுவான். அவன் பேசியது கொஞ்சம் பிந்தித்தான் என் காதுக்கு வரும். நான் பேசியது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் அடுத்ததை ஆரம்பித்துவிடுவான். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "நீ சொல்லு" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

"இன்னா பாப்பா, அம்மா எப்டி கீது?" என்று கேட்பான். பிறகு, "படகுக்குப் பெயிண்ட் அடிச்சாங்களா?" என்று கேட்பான். நைனாவைப் பற்றி அவன் விசாரிக்கிற விதம் அது.

அம்மாவுக்கும் ஒரு வழி இருந்தது. சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கும். அதற்கு நேராக உட்கார்ந்துகொண்டே, "ரீட்டா, மணி இன்னாடி?" என்பாள். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எங்கள் கடிகாரத்தில் மதியம் ஒன்று என்றால் நான் "பதினொன்றரைம்மா" என்பேன். அவன் இப்போது அடுப்படியில் நின்றுகொண்டிருப்பான் என்று அவளுக்குப் புரிந்துவிடும். வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

நைனா அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடிகாரம் அவர் கண்ணுக்கும் தெரியும். ஏன் தப்பாகச் சொல்கிறாய் என்று ஒருநாளும் அவர் என்னைக் கேட்டதில்லை.

அம்மா கடைக்கு வந்தாள்

லூர்து அக்காவைப் பாண்டிச்சேரிக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். மாமாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமான மறு வருடமே இருவரும் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியது. அம்மா வந்து மூன்று மாதம் இருந்தால் நல்லது என்று மாமா விசாவுக்கெல்லாம் ஏற்பாடு செய்தார். நைனாவும் சரி என்றுவிட்டார். டிக்கெட் போடுவது என் பொறுப்பு.

அன்றைக்கு மீன் விற்று முடித்த அம்மா, வீட்டுக்குப் போகாமல் நேராக மாமல்லபுரம் பஸ் ஏறிவிட்டாள். கடை வாசலில் வந்து நின்றாள். கையில் காலிக் கூடை. உள்ளே வரலாமா என்று யோசிக்கிறாள். பாஸ்கர் சார் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா கூடையை வெளியே கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நம்ம ஊரு இதுல எங்கடி கீது?"

உருண்டையில் காட்டினேன். பாரிஸையும் காட்டினேன். நூலை இழுத்துப் பிடித்து, இப்படித்தாம்மா போவே என்றேன். நீலமும் மஞ்சளுமாக இருந்த இடங்களையெல்லாம் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்.

"அவன் எங்க கீறான்?"

விரல் வைத்துக் காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தாள். அவள் கொண்டையில் மீன் வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்து அடித்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூலு அவன் பக்கமாத்தான் போவுது."

உண்மைதான். நூலைச் சற்றே தளர்த்தினால் போதும், துபாயைத் தொட்டுவிடும். பாரிஸுக்கு நேராகப் போகிற தூரத்துக்கும் துபாய் வழியாகப் போகிற தூரத்துக்கும் நூற்றைம்பது கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இது எனக்குத் தெரியாததல்ல. தினமும் ஊரூராய் அளந்துகொண்டிருந்தவள் நான். ஆனாலும் இந்த இரண்டு ஊரையும் ஒரே நூலில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

"வழில எறங்க முடியுமாடி?" என்றாள் அம்மா.

நான் பாஸ்கர் சாரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து விளக்கினார். விமான டிக்கெட்டில் மைல் கணக்கு ஒன்று உண்டு. போகிற ஊருக்கு இத்தனை மைல் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்புக்குள் எந்த ஊர் வழியாகச் சுற்றினாலும் டிக்கெட் ஒன்றுதான். துபாய் வரம்புக்குள் நன்றாகவே அடங்கும். இறங்கி வெளியே போய்வர ஒரு சின்ன விசா வேண்டும். அதை விமானக் கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிடும்.

"அப்ப அப்டியே போட்ரு சாமி" என்றாள் அம்மா. எழுந்து வெளியே போனவள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். "ரீட்டா, நைனாக்குச் சொல்லாத."

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். "அம்மா வருதுண்ணா. அங்க எறங்கி, அப்பால பாரீசு போவுது." லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"எத்தினி நேரம் இருக்கும்?" என்றான்.

"ஒம்போது மணி நேரம்."

"போதும்" என்றான். உடனே, "அதுக்கு இன்னா ஆக்கட்டும்? நான் ஆக்கி அது துன்னதே இல்லியே!" என்றான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூத்துக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மிச்சம் பத்து மணி நேரம்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"எட்டாயிரம். மணிக்கு எண்ணூறு. அப்ப பத்து அவருல போய்ச் சேந்துடணும்" என்றார் நைனா. மணி நேரத்தை அவர் "அவரு" என்றுதான் சொல்வார். "ஆனா உங்கம்மா போய்ச் சேர இருவது அவரு ஆவும்னு மாப்ள போன்ல சொல்லிச்சு. மிச்சம் பத்து அவரு எங்க போச்சி?"

"நடுவுல ஒரு ஊர்ல எறங்கி வேற பிளேனு மாறணும் நைனா."

"பம்பாயா?"

நான் அரிசியை மறுபடி களைய ஆரம்பித்தேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். அவர் குரலில் சந்தேகம் இல்லை. கவலைதான் இருந்தது.

"பாஷ தெரியாத ஊரு. அது செங்கல்பட்டு ஸ்டேசன்லயே பிளாட்பாரம் மாறி நிக்கற ஆளு. பத்து அவரு தனியா குந்திகினு இன்னா பண்ணும்? பசிச்சா யாரக் கேக்கும்? நீ இன்னா டிக்கெட்டு போட்ட?"

ஆமாம் நைனா, பம்பாய்தான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குப் பேச்சு முடிந்திருக்கும். டிக்கெட்டில் இருந்த ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அம்மா தனியாக இருப்பாளே என்று பதறுகிற மனுஷனைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தனியா இருக்காது நைனா."

"அப்ப கூட யாரு கீறா?"

"அது பம்பாய் இல்ல. துபாய்."

கொல்லைக் கதவில் அம்மா வந்து நின்றாள். கையில் கத்தி, புறங்கையெல்லாம் செதில். நைனா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிக்கெட் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு மதியம் ஆக்கின சோறு அப்படியே இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் அவர் எங்கள் இருவரோடும் பேசவில்லை. கடலுக்குப் போனார், வந்தார், படுத்தார். அம்மா பெட்டியில் எடுத்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். போகப்போவதில்லை என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள்.

"நான் போவல. லூர்துக்கு யாராச்சும் பாத்துப்பாங்க. எனக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

நைனா கடைக்கு வந்தார்

அந்த வாரமே ஒருநாள், கடைக்கு எதிரே பஸ்ஸிலிருந்து வந்த கூட்டத்துக்குள் நைனாவைப் பார்த்தேன். கோவிலுக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டை. தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ரத்து செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வந்தவர் பாஸ்கர் சாருக்கு ஒரு கும்பிடு போட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உருண்டையைப் பார்த்தார்.

"இதுதானா அது? உங்கம்மாக்குக் காட்னியே, எனக்குக் காட்டு."

அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நூலை எடுத்துக் கோவளத்தில் ஒரு முனையை வைத்தேன். அவரே மறுமுனையை வாங்கிக்கொண்டார். பாரிஸுக்கு இழுக்கவில்லை. "அவன் ஊரு எது?" என்றார். காட்டினேன். அந்தப் புள்ளியில் நூலை வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வருடக்கணக்காகக் கயிறு இழுத்த விரல். அதன் கீழே அந்த நாடே மறைந்துவிட்டது.

"நடுவுல எல்லாம் கடலு" என்றார்.

"பாதிக்கு மேல கடல்தான் நைனா."

"அத்தத் தாண்டித்தான் போயிருக்கான்."

பாஸ்கர் சார் காலண்டரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நைனா நூலைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எத்தினி நேரம் அங்க?"

"ஒம்போது மணி நேரம்."

"அதுல எறங்கி வெளிய வர ஒரு அவரு. திரும்பி உள்ள போவ ரெண்டு அவரு முன்னாலயே நிக்கணும்னு சொல்றாங்கோ. மிச்சம் இன்னா கீது? ஒரு வேள சோறு துன்னு எந்திரிக்கறதுக்குள்ள போயிடும்." டிக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "இத்தக் கூட்ட முடியுமா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பாஸ்கர் சாருக்குப் புரிந்துவிட்டது. கால அட்டவணையைப் புரட்டி, துபாயிலிருந்து பாரிஸுக்கு மறுநாள் போகும் விமானத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஏறினால் அம்மா ஒரு முழு நாளும் ஓர் இரவும் அண்ணனோடு இருக்கலாம். டிக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை, புதுத் தேதியை எழுதிய ஒரு ஸ்டிக்கரை மேலே ஒட்டினால் போதும் என்று சொன்னார்.

"ஒட்டு" என்றார் நைனா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரும்பி வர்ற சொல்லோ?" என்றார்.

"வரும்போதும் அதே வழிதான் நைனா."

"அதுக்கும் ஒண்ணு ஒட்டு."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "நான் சொன்னேன்னு உங்கம்மாக்குச் சொல்லாத. கம்பெனில மாத்திட்டாங்கன்னு சொல்லு."

சொன்னேன். அம்மா ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்றாள். பிறகு கொடியிலிருந்த சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதற்குள் நைனா, வஞ்சிரம் வாங்கிக் கீறி, தன் கையாலேயே உப்புப் போட்டு, கூரைமேல் காய வைத்திருந்தார். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அதை மூன்று சுற்று பிளாஸ்டிக் கவரில் கட்டிச் சேலைகளுக்கு நடுவே வைத்தாள்.

கணினி வந்த பிறகு

இங்கே ஒரு சின்ன விலகல். இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைகளில் கணினி வந்துவிட்டது. இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் கண்முன்னால் வந்து நிற்கும். நான் கல்யாணமாகிப் படூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு தம்பதி. பெரியவர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கம். மகள் அமெரிக்காவில். நான் டிக்கெட் போட்டுப் பழகியவள் என்று தெரிந்ததிலிருந்து அந்த அம்மாள் மாலையில் வந்து, அங்கே போக எத்தனை மணி நேரமாகும் என்று கேட்பார்கள். போன வாரம்தானே கேட்டீர்கள் என்று நான் சொன்னதில்லை. புதிதாகக் கேட்பதுபோலவே கணினியைத் திறந்து பார்த்துச் சொல்வேன். அப்போதெல்லாம் அந்த நார்வேக்காரப் பெண்ணை நினைத்துக்கொள்வேன்.

நாலு அவரு

அம்மாவை வழியனுப்ப மீனம்பாக்கம் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நடந்துபோகும்போது ஒருமுறை நின்று திரும்பினாள். நாங்கள் நிற்கும் இடத்தை விட்டு வேறெங்கோ பார்த்துக் கையை ஆட்டினாள். நைனாவும் பதிலுக்கு ஆட்டினார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. படகு எஞ்சினுக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி, என்னோடு பஸ் ஏறி மாமல்லபுரம் வந்துவிட்டார். சாமான் கடைப் பக்கம் போகவே இல்லை. எங்கள் கடை வாசலில், சிற்பி ஒருவர் பாதி செதுக்கிப் போட்டிருந்த கல்மேல் உட்கார்ந்துகொண்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். அது ஆறிப்போய் ஆடை கட்டியது.

மதியத்துக்கு முன்பே டெலிபோன் மணி அடித்தது. எடுத்ததும் அம்மாவின் குரல். டெலிபோன் என்றாலே கத்த வேண்டும் என்று நினைப்பவள். வாசல்வரை கேட்டது.

"ரீட்டா! வந்து சேந்துட்டேன்டி! ஸ்டீபன் குண்டாயிட்டான்டி! அவனே ஆக்கிப் போட்டான்! எனக்கு ஒரு வேலயும் வைக்க மாட்றான்!"

நைனா எழுந்து உள்ளே வந்துவிட்டார். ரிசீவரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் அண்ணன் வாங்கிவிட்டான்.

"பாப்பா, கருவாடு வந்துச்சு. நைனா போட்டதாமே?"

"நைனா இங்கதாண்ணா கீறாரு" என்றேன்.

பாஸ்கர் சார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி நைனாவின் காதில் வைத்து, அவர் விரல்களை எடுத்து அதன்மேல் மடக்கிவிட்டு வெளியே போய்விட்டார்.

நைனா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு, "துன்னியா?" என்றார்.

அண்ணன் ஏதோ சொன்னான்.

"உப்பு சரியா கீதா?"

அதற்கும் ஏதோ சொன்னான். நைனாவின் உதடு கோணியது. "ஜாஸ்தியா? உங்கம்மாதான் போட்டுச்சு" என்றார்.

நைனாவின் கண் மேசைமேலிருந்த உருண்டைக்குப் போனது.

"அங்கேருந்து இங்க வர எத்தினி அவருடா?"

அண்ணன் சொன்னது எனக்கே கேட்டது. "நாலு அவரு நைனா."

"நாலா?"

"நாலுதான் நைனா."

ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். டெலிபோனுக்குள் சொல்லாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நாலு அவராம். நான் வல போட்டுட்டு வர்றதுக்கே அதுக்கு மேல ஆவுது." கண்ணைத் துடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார். "வரச் சொல்லு அவன."

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். சொன்னது அங்கே போய்ச் சேர்வதற்கு எப்போதும்போலக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மீனம்பாக்கத்தில் ஒரு காலை

சொன்னவுடனே வந்துவிட முடியுமா? லீவு கிடைக்க வேண்டும், பதில் ஆள் வர வேண்டும். அம்மா அக்காவிடம் இருந்துவிட்டு, அதே வழியில் மறுபடி அவனோடு ஒரு நாள் தங்கிவிட்டு வந்து சேர்ந்தாள். அதற்கும் பிறகு, அடுத்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான் அண்ணனால் வர முடிந்தது.

அன்றைக்கு நாங்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனோம். விமானம் தாமதம். நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். வெளியே வந்த ஒவ்வொரு இளைஞனையும் பார்த்தார். ஒல்லியாக, தலைமுடி நெற்றியில் விழுந்த, இருபது வயதுப் பையனைத் தேடினார்.

அண்ணன் வந்தான். கன்னம் பூரித்து, முன்தலை வழுக்கை தொடங்கி, சின்னதாகத் தொப்பையோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நைனா அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். அம்மா வாயைத் திறக்கப் போனாள். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நைனாவுக்கு எதிரே வந்து நின்றான்.

"நைனா."

அவர் அப்போதும் ஒருமுறை அவன் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். பிறகுதான் அந்த முகத்துக்கு வந்தார். கையை நீட்டி அவன் கன்னத்தை, காதை, வழுக்கையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாடா ஸ்டீபா" என்றார். அத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். "நாலு அவருன்னு சொன்ன. பிளேனு லேட்டாயிடுச்சே."

வேனில் நைனா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவில்லை. திருவான்மியூர் தாண்டி, இடப்பக்கம் சவுக்குத் தோப்புகளின் இடைவெளியில் கடல் தெரிய ஆரம்பித்தது. பின் இருக்கையில் அம்மா எல்லாருக்கும் இட்லியை இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளு லீவு?" என்றார் நைனா.

"முப்பது நாளு."

நைனா இன்னொரு கையை விரித்து, பெருவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு விரல் தாண்டியது, இரண்டாவது விரல் தாண்டியது. அப்படியே நிறுத்திக் கையை மூடிக்கொண்டார்.

"மொதல்ல நாஸ்தா துன்னு" என்றார்.